விட்டுப்போன ஏழாவது பெயர்

பென்ஷன் வாங்குகிறவன் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போய், தான் இன்னும் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். போன நவம்பரில் அப்படிக் காட்டப் போனேன். கவுண்டரில் ஒரு புதுப் பெண் இருந்தாள். பம்பாய்ச் செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேச வரும், படிக்க வராது. எதையோ சரிபார்க்க என்னுடைய பழைய சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டியவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"அங்கிள், இது நீங்கதானா? ரெட் இங்க்ல ஒரு ரிமார்க் இருக்கு. லாக் புக்கை சரியா எழுதாததுக்கு இன்கிரிமென்ட் கட்னு போட்டிருக்கு. கியா அங்கிள், நீங்களா அப்படிப் பண்ணினீங்க?"

"நான்தான்மா. பண்ணினேன்" என்றேன். பின்னால் வரிசை நீளமாக நின்றது. கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அவள் தலைக்கு மேலே சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தீயணைப்பு ஊழியர்களுக்குப் புகையினால் வரும் நுரையீரல் நோய் பணியில் பட்ட காயமாகவே கருதப்படும் என்று தொடங்கும் விதி. என் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் சிவப்பு மை இல்லாவிட்டால் அந்த விதி அங்கே ஒட்டப்பட்டிருக்காது. இதை நின்று சொல்ல அன்றைக்கு நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்; யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டட்டும்.

நான் தீயை அணைத்தவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாதுங்காவில் எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் பாங்கிலும் ரயில்வேயிலும் சேர்ந்துகொண்டிருந்த காலத்தில், மெட்ரிகுலேஷனும் டைப்பிங்கும் முடித்த நான் தீயணைப்புப் படையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பம்பாய்க்காரர்களுக்குத் தீயணைப்பு வண்டி என்றால் 'பம்பு', அதில் போகிறவன் 'பம்புவாலா.' "பம்புவாலா உத்தியோகமா?" என்று கேட்ட என் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பயிற்சி மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் மனதில் நின்றது ஒன்றுதான்: ரிசீவரை எடுத்ததும் முதலில் இடத்தைக் கேள். பதறுகிறவன் என்ன எரிகிறது என்று சொல்வான், எங்கே என்று சொல்ல மறந்து போனை வைத்துவிடுவான்.

தாராவிக்கும் மாதுங்காவுக்கும் நடுவில் இருந்த ஸ்டேஷனில் எனக்கு வேலை. வாட்ச் ரூம் என்று ஓர் அறை. ஒரு மேஜை, இரண்டு டெலிபோன், சுவரில் மணி அடிக்கும் பொத்தான், மேஜையில் பெரிய லாக் புத்தகம். அழைப்பு வந்ததும் மணியை அடிப்பேன். ஒரு நிமிஷத்துக்குள் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும். வண்டி போன பிறகு புத்தகத்தில் எழுத வேண்டும்: அழைப்பு வந்த நேரம், அழைத்தவர், இடம், வண்டி புறப்பட்ட நேரம், போனவர்களின் பெயரும் நம்பரும். திரும்பி வந்ததும், அங்கே நடந்தது என்ன என்று அதிகாரி சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. எழுத்து தவறினால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம்.

எங்கள் ஸ்டேஷன் ஆபீசர் சாவந்த். மராத்திக்காரர். என்னோடு பேசுவது பாதி ஆங்கிலம், பாதி பம்பாய் இந்தி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மற்ற அதிகாரிகள் ஃபயர்மேன்களை "தூ" என்று ஒருமையில் கூப்பிடுவார்கள். இவர் எல்லோரையும் மரியாதையாக "ஆப்" என்றுதான் சொல்வார். நெருப்புக்குப் போய்விட்டு வந்தால், முகத்தில் கரியோடு நேராக வாட்ச் ரூமுக்கு வருவார். நாற்காலியில் உட்கார மாட்டார். நின்றபடியே நான் எழுதியதைச் சத்தம் போட்டு முழுதும் வாசிப்பார். வாசித்து முடித்த பிறகுதான் கையெழுத்து. ஒரு தடவை தெருப் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். "சுந்தரம், நாளைக்கு இந்த எழுத்துக்காக ஒருவர் கோர்ட்டில் நிற்கலாம்" என்றார். அவ்வளவுதான் அவருடைய கோபம். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினேன்.

அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு நாள் என்னிடம், "இந்தப் பெயரை எழுத வேண்டாம்" என்றார்.

அந்தப் பெயர் சுடலைமுத்து. ஃபயர்மேன், நம்பர் 214. திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் மனைவி பேச்சியம்மாளோடு இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஏணியில் அவர் ஏறுவதைப் பார்க்க மற்ற ஷிப்ட் ஆட்கள் வந்து நிற்பார்கள். மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறுவார்.

அறுபதுகளின் தொடக்கம். ஒரு மத்தியானம் தாராவியிலிருந்து அழைப்பு. தோல் பதனிடுகிறவர்களுக்கு ரசாயனம் விற்கும் கிடங்கில் தீ. கிடங்குக்கு மேலே பலகை போட்டு அறைகள், அறைகளில் குடும்பங்கள். சாவந்தையும் சேர்த்து ஆறு பேர் போனார்கள். ஆறு பெயரையும் எழுதினேன். அன்றைக்கு அண்ணாச்சிக்கு வார விடுமுறை.

பிறகு நடந்ததை வண்டி திரும்பியதும் ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மஞ்சள் புகை. காற்றுச் சிலிண்டரோடு முகமூடி அப்போது ஸ்டேஷனுக்கு இரண்டுதான். இரண்டும் பின்பக்கம் போன ஆட்களிடம். முன்பக்கத்து மேல் அறையில் ஒரு பெண்ணும் கைக்குழந்தையும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில், இரண்டு சந்து தள்ளித் தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுடலைமுத்து, கழுவாத கையோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டார். சாவந்த் அவரைப் பார்த்தார். கயிற்றின் நுனியைத் தன் கையாலேயே அவர் இடுப்பில் கட்டினார். அண்ணாச்சி முதலில் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தார். மறுபடி போய்ப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கீழே வந்ததும் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

ஏழாவது பெயரை எழுத நான் பேனாவை எடுத்தபோதுதான் சாவந்த் தடுத்தார். காரணம் இருந்தது. விடுமுறையில் இருப்பவன், சீருடையும் சாதனமும் இல்லாமல் தீக்குள் போகக் கூடாது என்று மேலிடத்திலிருந்து அப்போதுதான் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. முந்தின மாதம்தான் வேறொரு ஸ்டேஷனில் அப்படிப் போன ஒருவனுக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்திருந்தார்கள்.

"இவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். திரும்பி வந்ததும் கையில் மெமோ கொடுக்க வேண்டுமா?" என்றார் சாவந்த். "'இருவர் பத்திரமாக வெளியே கொண்டுவரப்பட்டனர்' என்று எழுதுங்கள். போதும்."

எழுதினேன். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அவர் வழக்கம்போல் நின்று, சத்தம் போட்டு வாசித்து, கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு வாசிக்கிற குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

நாலு வருஷம் போயிற்று. அண்ணாச்சியின் மார்பு சரியாகவே இல்லை. ஏணியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு ஏணியே ஏறவில்லை; வண்டி துடைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் 'வேலைக்குத் தகுதியில்லை' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை கால் ஒடிந்தால்தான் பணியில் பட்ட காயம். மார்பு கெட்டுப்போனால் அது அவனவன் சொந்த நோய். அப்போதைய விதி அது. சொந்த நோய்க்காரனுக்கு ஏதோ ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். மாதாமாதம் பென்ஷன் கிடையாது. அவன் போய்விட்டால் மனைவிக்கும் எதுவும் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊழியர் சங்கம் பென்ஷனை உயர்த்தக் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தது. நிர்வாகம் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை நியமித்தது. பென்ஷனைக் கூட்டுவதற்கும் விதவைக்குப் பங்கு கொடுப்பதற்கும் குழு ஏறக்குறைய இணங்கிவிட்டது. புகையால் வரும் நோயைக் காயமாகக் கருத வேண்டும் என்றபோது மட்டும் கதவை மூடிக்கொண்டார்கள். "பீடி குடித்து இருமுகிறவனும் புகை என்பான். எப்படி நிரூபிப்பீர்கள்? ஆவணத்தோடு ஒரே ஒரு கேஸ் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்" என்றார் குழுத் தலைவர்.

சங்கத்துச் செயலாளர் கொண்டுபோக நினைத்த கேஸ் சுடலைமுத்து. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது: 'ரசாயனப் புகை, இரண்டு நுரையீரலும் பாதிப்பு.' தேதியும் இருந்தது. "லாக் புக்ல அந்தத் தேதிப் பக்கத்தை மட்டும் எடுத்துக் குடு சுந்தரம். ஜெயிச்சாச்சு" என்றார் அவர்.

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தில் ஆறு பெயர். ஏழாவது இல்லை. முந்தின பக்கத்தில், காலை அணிவகுப்புக் குறிப்பில், என் கையெழுத்திலேயே: '214 – வார விடுமுறை.' அண்ணாச்சியைக் காப்பாற்ற நாங்கள் செய்த காரியம் இப்போது அவர் கழுத்தில் கயிறாக விழுந்திருந்தது. அவர் கேஸ் விழுந்தால் அந்தக் கோரிக்கையே விழும். உண்மையைச் சொன்னால் நான் பொய்ப் பதிவு எழுதியவன், வேலை போகும். சாவந்துக்கு அப்போது டிவிஷன் ஆபீசர் பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் கையை உயர்த்தினார்.

"விட்டுருங்க தம்பி. எனக்காக நீங்களும் சாவந்த் சாயபும் வேலைய விட்டுட்டு நிக்கப்படாது. அன்னைக்கு என் பேரை எழுதாம விட்டதுக்கு நான் ரெண்டு பேருக்கும் கும்பிடு போட்டவன். இன்னைக்கு வந்து எழுதலியேன்னு கேப்பனா?"

இதைச் சொல்வதற்குள் மூன்று தடவை நின்றார். உள்ளேயிருந்து பேச்சியம்மாள் வந்தாள்.

"இவுக இப்படித்தான் சொல்லுவாக. தண்ணிக் குழாய்க்குப் போயிட்டு வாரதுக்குள்ள நாலு வாசல்ல உக்காருதாக தம்பி. பக்கத்துல கேட்டா காத்து வாங்குதேன்னு சொல்லுதாக. நான் மசாலா அரைச்சுக் குடுத்துக் கஞ்சி ஊத்திருவேன், அது பெருசில்ல. ஆனா இவுக சீக்குக்கு இவுகளே காரணம்னு எழுதி அனுப்பிருக்காவளே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

"சும்மா இரு பேச்சி."

"நான் என்னத்துக்குச் சும்மா இருக்கணும்? உள்ள போனது நீங்கதானே?"

வீட்டுக்கு வந்து என் மனைவி லலிதாவிடம் சொன்னேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான். ஒரே வீட்டில் ஏழு பேர்.

"எழுதலைன்னா, எழுதலைன்னு சொல்லிடுங்கோ. அதுல என்ன யோசனை?" என்றாள்.

"வேலை போயிடும்டி."

"உங்களுக்கு டைப்பிங் தெரியும். எனக்கும் தெரியும். போனா பாத்துக்கலாம்."

மறுநாள் காலையில் சாவந்த் முன்னால் புத்தகத்தை விரித்து வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் நின்றபடியே அந்தப் பக்கத்தை வாசித்தார், இந்தத் தடவை மனசுக்குள். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"விசாரணை என்றைக்கு?"

"அடுத்த வியாழக்கிழமை சார்."

"சரி. போய் வேலையைப் பாருங்கள்."

அவ்வளவுதான். அந்த வாரம் முழுதும் அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. தினமும் மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளில் எங்கேயோ போனார். வழக்கமாகப் போகிறவர் இல்லை. பதவி உயர்வு விஷயமாக மேலதிகாரிகளைப் பார்க்கப் போகிறார் என்று ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

வியாழக்கிழமை. நீளமான மேஜை. அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவர் வயதான குஜராத்தி வழக்கறிஞர். இந்தப் பக்கம் நிர்வாகத்தின் சட்ட அதிகாரி. ஓரத்து நாற்காலியில் அண்ணாச்சி, பழைய காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு. சாவந்தைக் காணவில்லை.

சட்ட அதிகாரி என் புத்தகத்தைப் புரட்டி இரண்டு நிமிஷத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "அன்றைக்கு இந்த மனிதர் வேலையிலேயே இல்லை. விடுமுறை. தீக்குப் போனவர்கள் ஆறு பேர், இவர் பெயர் அதில் இல்லை. அந்தச் சந்தில்தான் இவர் வீடு. அக்கம்பக்கத்தில் நின்று புகையைச் சுவாசித்திருப்பார். கேஸ் முடிந்தது."

நான் எழுந்தேன். "பதிவு எழுதியது நான். அது முழுப் பதிவு இல்லை. ஏழாவதாக ஒருவர் உள்ளே போனார். அவர் பெயரைத் தெரிந்தேதான் விட்டேன்" என்றேன். சாவந்த் சொல்லித்தான் விட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அதாவது பதிவில் பொய் எழுதினதாக ஒப்புக்கொள்கிறீர்கள்?" என்றார் தலைவர்.

"ஆமாம் சார்."

"பொய் எழுதினவன் பேச்சை இப்போது மட்டும் ஏன் நம்ப வேண்டும்?" என்று சட்ட அதிகாரி கேட்டார். அண்ணாச்சி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார், "விட்டுருங்க தம்பி" என்று சொல்ல. இருமல் வந்துவிட்டது.

அப்போதுதான் கதவு திறந்தது. சாவந்த், முழுச் சீருடையில், தொப்பி கையில். அக்குளில் இடுக்கியிருந்தது எங்கள் புத்தகம் இல்லை, வேறொரு பழைய புத்தகம். ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது.

"தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். இதை இன்று காலையில்தான் கொடுத்தார்கள்" என்றார். "பெயரை எழுத வேண்டாம் என்று உத்தரவு போட்டவன் நான். ஆபரேட்டர் சுந்தரம் என் உத்தரவைச் செய்தார். அவர் பேச்சையோ என் பேச்சையோ நீங்கள் நம்ப வேண்டாம். இதைப் பாருங்கள்."

அது ஆம்புலன்ஸ் புத்தகம். ஆம்புலன்ஸ் வண்டிகளும் அப்போது எங்கள் படையிடம்தான் இருந்தன. ஆனால் வேறு ஸ்டேஷன், வேறு ஆட்கள், வேறு பதிவு. எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு வாரம் மத்தியானம் முழுக்க அவர் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ப் பழைய மூட்டைகளைப் பிரித்துத் தேடியிருக்கிறார்.

தலைவரின் முன்னால் அதை விரித்து, நின்றபடி, தன் வழக்கப்படி சத்தம் போட்டு வாசித்தார். அதே தேதி. அதே கிடங்கு. 'தீ நடந்த இடத்திலிருந்து ஃபயர்மேன் ஒருவர். பெயர் கேட்டதற்கு 214 என்றார். இடுப்பில் மீட்புக் கயிறு. அவிழ்க்க முடியாமல் அறுத்தது.'

மூச்சு முட்டிக் கிடக்கும்போது பேர் என்ன என்று கேட்டால் மனிதன் நம்பரைச் சொல்லியிருக்கிறான்.

"விடுமுறையில் இருந்தார் என்பது உண்மைதானே?" என்று சட்ட அதிகாரி கேட்டார். ஆனால் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

"கயிறு கட்டுகிறவரை விடுமுறை" என்றார் சாவந்த். "கயிற்றைக் கட்டியது நான். கட்டினதிலிருந்து அவர் என் ஆள். உள்ளே அனுப்பியதும் நான். அது தவறென்றால் என்மேல் நடவடிக்கை எடுங்கள். அவருடைய மார்பு கெட்டது என் உத்தரவில்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணாச்சியை அருகே கூப்பிட்டு, தன் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். "அந்தக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறது?" என்று இந்தியில் கேட்டார். "ஸ்கூலுக்குப் போகுது சாயப். எங்க சந்துலதான்" என்றார் அண்ணாச்சி. கேஸைப் பற்றி அவரிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தீர்மானம் நிறைவேறியது. பென்ஷன் உயர்ந்தது, விதவைக்குப் பங்கு வந்தது, புகை நோய் காயமானது. ஸ்டேஷனுக்கு அந்தச் செய்தி போனில் வந்தபோது ரிசீவரை எடுத்தவன் நான்தான். வெளியே முற்றத்தில் ஹோஸ் குழாய்களைக் காயப் போட்டுக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவன் ஈரக் குழாயைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஆடினான். ஒரு வாரமாகத் தூங்காதவனுக்குத் தூக்கம் வருகிற மாதிரி எனக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது.

தண்டனையும் வந்தது. எனக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம். அந்தச் சிவப்பு மை அதுதான். சாவந்துக்கு எழுத்துமூலக் கண்டனம், பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. "சரியான தண்டனைதான் சுந்தரம். நாம் தவறாகத்தான் எழுதினோம்" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் லலிதாவிடம் சொன்னபோது, "வேலை இருக்கோல்லியோ?" என்று கேட்டுவிட்டுக் காப்பி கலக்கப் போனாள்.

முதல் பென்ஷன் வாங்க அண்ணாச்சியை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பேச்சியம்மாளும் வந்திருந்தாள், நல்ல சேலை கட்டிக்கொண்டு. உத்தரவுத் தாளை வாங்கி, "என்ன காரணம்னு போட்டிருக்கு, வாசிங்க தம்பி" என்றாள். 'பணியில் ஏற்பட்ட பாதிப்பு' என்று வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

படி இறங்கி வருவதற்குள் அண்ணாச்சி இரண்டு இடத்தில் நின்றார். கீழே பஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சி. மூவரும் உட்கார்ந்தோம். டாக்ஸி கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

அப்போது சாலையின் அந்தக் கோடியில் மணிச் சத்தம் கேட்டது. பம்பு ஒன்று சயன் பக்கம் விரைந்துகொண்டிருந்தது. நான் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். எந்த ஸ்டேஷன் வண்டி, எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். அண்ணாச்சியும் பெஞ்சியின் கையைப் பிடித்தார்; எழுந்திருக்கப் போகிறார் என்று பேச்சியம்மாள் அவர் தோளைத் தொட்டாள். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. வண்டி எங்களைத் தாண்டிப் போகிறவரை பார்த்தார். பிறகு பின்னால் நன்றாகச் சாய்ந்துகொண்டு, என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க தம்பி. அவங்க பாத்துக்கிடுவாங்க."